பழைய சைக்கிள் டைனமோவும் அதன் எர்த் தொல்லையும்

மல்லாவியில் இருக்கிற நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவின்ர சைக்கிளில டைனமோ கிடக்கு, லைற் எரியுதில்லை. சார்ஜ் போடுற லைற் இப்ப நல்லா மலிஞ்சிட்டுது. கழற்றி எறியட்டோ, திருத்தட்டோ?" வன்னியில் பழைய சைக்கிள் வைத்திருக்கிற எல்லாருக்கும் வருகிற கேள்வி இது. ரயரின் பக்கச் சுவரில் உரசி ஓடுகிற, 6 வோல்ற் 3 வாற் என்று உடம்பில் பொறித்திருக்கிற அந்த இரும்பு டைனமோவை நீண்ட காலம் பாவிக்கிறவன், அடிக்கடி திருத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

லைற் எரியவில்லை என்றதும் டைனமோவைக் குற்றம் சொல்லாதீர்கள். அதற்குள் பழுதாகிறதுக்கு அதிகம் எதுவுமில்லை. நடுவில் ஒரு காந்தம், அதைச் சூழ ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு அச்சு, அச்சைத் தாங்குகிற வெண்கலப் புஷ். சுற்றுவது காந்தம், சுருள் அசையாது. ஆகவே சுற்றுகிற பகுதியை உரசி மின்சாரம் எடுக்கிற காபன் பிரஷ் தேவையில்லை. கறள் ஏறி இறுகிப்போனதைக்கூட, புஷ்ஷில் நாலைந்து சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தால் பெரும்பாலும் அசைய வைத்துவிடலாம். இவ்வளவு நன்றாகச் செய்த பொருளை, ஒரேயொரு வயரை மிச்சம் பிடித்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் அதில்தான்.

டைனமோவிலிருந்து லைற்றுக்கு ஒரு வயர்தான் போகும். மின்சாரம் திரும்பி வருகிற வழி சைக்கிளின் பிரேம். இந்தத் திரும்பு வழியைத்தான் எர்த் என்கிறோம். புதுச் சைக்கிளில் இது வேலை செய்யும். பிரேம் பழசாகும்போது அந்த வழியில் எத்தனை இடைஞ்சல் என்று பாருங்கள். லைற்றின் கோதிலிருந்து அதன் தாங்கிக்கு ஒரு பொருத்து, தாங்கியிலிருந்து ஹாண்டிலுக்கு இன்னொன்று. ஹாண்டில் கழுத்துக்குள் கிறீஸில் மிதக்கிற குண்டுகள். அதைத் தாண்டினால் பிரேம், கடைசியாகப் பின் சில்லுக்கு மேலே டைனமோவைப் பிடிக்கிற கிளாம்ப். கிளாம்புக்குக் கீழே பெயின்ற் இருக்கிறது. மாரியில் ஒவ்வொரு பொருத்துக்குள்ளும் தண்ணீர் இறங்கிக் கறள் பிடிக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதி அதன் மேல் ஏறும். கழுத்துக் குண்டுகள்தான் எல்லாவற்றிலும் மோசம். கிறீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. குண்டு இரும்பை நேரே தொடுகிற கணத்தில் எரிந்து, குழியில் விழுந்து எழும்பும்போது அணைகிற லைற்றை எல்லாரும் "டைனமோ போச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

பரிசோதிக்க ஒரு 6 வோல்ற் 2.4 வாற் பல்பும் ஒரு முழ வயரும் போதும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைச் சில்லில் சாய்த்து, ஏற்கெனவே பூட்டியிருக்கிற வயரைக் கழற்றிவிடுங்கள். பல்பின் அடிப்புள்ளி டைனமோவின் முனையைத் தொட வேண்டும், பல்பின் திருகுப் பக்கத்திலிருந்து வயர் டைனமோவின் உடம்பைத் தொட வேண்டும். உடம்பில் தொடுகிற இடத்தைச் சுரண்டிப் பளபளக்க வைத்துக்கொள்ளுங்கள். பெடலைக் கையால் வேகமாகச் சுற்றும்போது பல்ப் எரிந்தால் டைனமோ நல்லது, பழுது வெளியே. மீற்றரை வைத்து வோல்ற் பார்ப்பதை நான் நம்புவதில்லை. மலிவு மீற்றர்களில் ஏசிக்கு 200, 750 வோல்ற் என்று இரண்டு படிதான் இருக்கும், 6 வோல்ற் பார்க்க அவை பெரிசு. டைனமோ தருகிற அலைவும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அல்ல. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில், ரயரில் உரசுகிற, இரண்டரைச் சதமமீற்றர் விட்டமுள்ள டைனமோ உருளை செக்கனுக்கு 50 தடவைக்கு மேல் சுற்றும். காந்தத்துக்கு 8 துருவம் என்றால் ஒரு சுற்றுக்கு 4 அலைவு, 200 ஹேர்ட்ஸைத் தாண்டிவிடும். அந்த அலைவில் மலிவு மீற்றர் சொல்கிற கணக்கைவிடப் பல்பு சொல்கிற சாட்சி நல்லது.

மீற்றர் உதவுவது ஓம் பார்க்க. 200 ஓம் படியில் வைத்து முதலில் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டு, மீற்றர் வயரின் சொந்தத் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டைனமோ முனைக்கும் உடம்புக்கும் இடையில் சில ஓம் காட்ட வேண்டும். ஓம் அளவு எதுவும் வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது சுருளின் மற்ற நுனி உள்ளே உடம்பை விட்டுக் கழன்றிருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம், அதை ஈயம் பிடித்துச் சரிப்படுத்தலாம். பிறகு ஒரு ஊசியை லைற்றின் கோதிலும் மற்றதை டைனமோ உடம்பிலும் வைத்து, ஹாண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். இலக்கம் துள்ளினால் கழுத்துத்தான் குற்றவாளி.

பின் சிவப்பு லைற்றின் பல்ப் அடிக்கடி எரிந்து போகிறதா? அதற்கும் எர்த்தைத்தான் பாருங்கள், முன்பக்க எர்த்தை. டைனமோ ஓரளவு வேகம் பிடித்ததும் ஏறக்குறைய அரை அம்பியரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முன் பல்ப் 2.4 வாற், பின் பல்ப் 0.6 வாற். ஐந்தில் நாலு பங்கை முன்னது குடிக்கிறது. முன்னது ஒரு கணம் தொடுகை விட்டால் முழுவதும் பின் பல்பின் மெல்லிய இழைக்குள் பாயும். 0.1 அம்பியருக்குச் செய்த இழை அதைத் தாங்காது. பின் பல்பை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் முன் லைற்றின் தாங்கியை ஒருக்கால் கழற்றிப் பார்த்தால் காசு மிஞ்சும்.

நிரந்தரத் தீர்வு ஒன்றுதான். பிரேமை நம்பாமல் இரண்டாவது வயர் இழுங்கள். ஹாட்வெயார் கடையில் 2 மீற்றர் சோடி வயர் போதும். வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், அது ஆட்டத்தில் முறிந்துவிடும். பல இழை உள்ள மெல்லியதை எடுங்கள். சோடியில் ஒன்று டைனமோ முனைக்கு. மற்றதன் நுனியை வளையமாக வளைத்து ஈயம் பிடித்து, டைனமோவைக் கிளாம்போடு பூட்டுகிற போல்ற்றுக்குக் கீழே பல்லுள்ள வாசரோடு இறுக்குங்கள். லைற் பக்கத்தில் அந்த வயர் பல்ப் தாங்கியின் உலோகத்துக்கே போக வேண்டும். கோதுக்குக் கொடுத்தால் பழைய பொருத்து ஒன்று வழியில் மிஞ்சிவிடும். பின் லைற் மட்காட்டில் இருந்தால் அதற்கும் இதே வேலை, பிளாஸ்ரிக் மட்காட் என்றால் வேறு வழியே இல்லை. இறுக்கிய பிறகு எல்லாப் பொருத்துக்கும் மேலே வசலின் பூசுங்கள். இறுக்கும் முன் பூசாதீர்கள். கழுத்தருகே வயரில் ஒரு தளர்ந்த வளையம் விடாவிட்டால் ஹாண்டில் திரும்பித் திரும்பி அங்கேயே அறும்.

வயர் இழுக்க மனமில்லாதவர்கள் குறைந்தது கிளாம்பில் உள்ள ஊசிமுனைத் திருகையாவது பாருங்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தளர விட்டிருப்பார்கள். பெயின்ற்றைக் குத்தித் துளைத்து இரும்பைத் தொடுவதற்கே அது இருக்கிறது.

மாரியில் உருளை வழுக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அதில் பாதி பூட்டின விதத்தின் பிழை. டைனமோவின் அச்சை நேர்கோடாக நீட்டினால் அது சில்லின் மையத்தில் போய் முட்ட வேண்டும். ஒரு பழைய சில்லுக்கம்பியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோணம் பிழைத்தால் ரயரையும் தின்னும், வழுக்கவும் செய்யும். விலக்கி வைத்திருக்கும்போது உருளைக்கும் ரயருக்கும் இடைவெளி ஒரு சதமமீற்றர் அளவில் இருக்கட்டும், கூடினால் ஸ்பிறிங் போதிய அழுத்தம் தராது. 28 அங்குல ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் வரிவரியாகக் கீறல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். புஷ்ஷுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு. கூடினால் வழிந்து உருளைக்கு வந்து அதுவே வழுக்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த டைனமோவை நான் மதிப்பதற்கு லைற் மட்டும் காரணமில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோவைக் கொழுவிச் சனம் பிபிசி தமிழோசைச் செய்தி கேட்டது. நாலு பற்றரி போடுகிற றேடியோவுக்குத் தேவை 6 வோல்ற், டைனமோ தருவதும் 6 வோல்ற். ஏசியை டிசியாக்கச் சில டயோட்டும், இரைச்சலை அடக்க ஒரு கப்பாசிற்றரும் போதும். ஒரு லைற்றுக்காகச் செய்த சின்னச் சாமான் ஊருக்கே செய்தி கொண்டுவந்தது என்பது பெரிய விசயம். இன்றைக்கும் யாராவது அப்படிப் பாவிக்க நினைத்தால் லைற் பல்பைக் கழற்றாமல் றேடியோவோடு சேர்த்தே எரியவிடுங்கள். சுமை இல்லாமல் வேகமாகச் சுற்றினால் டைனமோ 20 வோல்றையும் தாண்டும், றேடியோ தனியாக அதைத் தாங்காது.

எல்ஈடி பூட்ட நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கடையில் 4007 என்று கேட்டால் டயோட் தருவார்கள், நாலு வேண்டும். 5819 கிடைத்தால் இன்னும் நல்லது, வோல்ற் இழப்பு குறைவு, மெதுவாக ஓடும்போது வித்தியாசம் தெரியும். 1000 மைக்ரோபராட் 35 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்று, அதற்குக் குறுக்கே, வோல்ற் கூடாமல் பிடித்து வைக்கிற 6.8 வோல்ற் 5 வாற் செனர் டயோட் ஒன்று. செனர் இல்லாமல் பூட்டினால் முதல் இறக்கத்திலேயே எல்ஈடி போகும். இங்கேயும் எர்த் விடுவதாயில்லை. நாலு டயோட் போட்ட பிறகு எல்ஈடியின் மைனஸ் பக்கம் பிரேமைத் தொடவே கூடாது. தொட்டால் ஒரு பாதி அலை குறுக்கே ஓடி வீணாகும், வெளிச்சம் பாதியாகும். எல்ஈடியின் கோது இரும்பு என்றால் ஹாண்டிலில் பூட்டும்போது இடையில் பழைய ரியூப் துண்டு ஒன்றை வையுங்கள். அதே சைக்கிளில், அதே பிரேமில், பல்புக்கு எர்த் தொடாவிட்டால் பழுது, எல்ஈடிக்குத் தொட்டால் பழுது! இரண்டு வயர் என்று முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கரைச்சல் ஒன்றுமே இல்லை.

சரி, நண்பருக்குப் பதில். திருத்தலாம், நிச்சயம் எரியும், இன்னும் பல வருடம் எரியும். ஆனால் அந்தச் சைக்கிள் ரியூசன் முடிந்து இருட்டில் திரும்புகிற உங்கள் மகளுக்கு என்றால், சார்ஜ் போடுகிற லைற்றையே வாங்கிக் கொடுங்கள். சைக்கிள் நின்றால் டைனமோ லைற் அணைந்துவிடும், அதை எந்த வயரும் திருத்தாது. மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் யானை இறங்குகிற பாதையில் நின்று பார்த்துத்தான் போக வேண்டும். நிற்கிற அந்த நேரத்தில்தான் வெளிச்சம் தேவை. அதோடு 3 வாற் வெளியே வர, காலிலிருந்து அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகிறது. எதிர்க்காற்றில் சின்னப் பிள்ளைக்கு அது பாரம். என்னுடைய சைக்கிளில் டைனமோ அப்படியே இருக்கும், அது வேறு.

கழற்றினால் குப்பையில் போடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் காந்தத்தை வெளியே இழுக்கவும் வேண்டாம். பழைய காந்தங்கள் சில, கூட்டை விட்டு வெளியே வந்தாலே பலம் குறைந்துவிடும், சுத்தியலால் தட்டினாலும் அப்படித்தான். வைத்திருக்க இடமில்லை என்றால் எனக்குத் தந்துவிடுங்கள். லைற்றும் வயரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிளாம்பை மட்டும் அந்த ஊசிமுனைத் திருகோடு சேர்த்துத் தாருங்கள். தனித் திருகு தேடி எடுப்பது பெரிய பாடு.