பீளமேட்டிலிருந்து ஹீத்ரோ: பெங்களூருவா, சென்னையா, அபுதாபியா?

கோவை பீளமேடு விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்தொலைவு ஏறத்தாழ 8,180 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால், லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் நம் பகுதிப் பெற்றோர் இடையில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

பெரும்பாலோர் முதலில் நினைப்பது பெங்களூருவைத்தான். அங்கிருந்து ஹீத்ரோ சுமார் 8,050 கிலோமீட்டர். இடைநிறுத்தம் இல்லாமல் பத்தரை முதல் பதினொரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் "நேரடி" என்ற சொல் கோவைக்காரரை ஏமாற்றிவிடுகிறது. அவிநாசி, சேலம், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று காரில் போய், நகரின் தெற்கே நுழைந்து, வடக்கே தேவனஹள்ளியில் இருக்கும் விமான நிலையத்தை அடையச் சுமார் 400 கிலோமீட்டர் ஆகிறது. சாப்பாட்டு நிறுத்தத்தையும் நகர நெரிசலையும் சேர்த்தால் எட்டு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கவேண்டும் என்பதால் மொத்தப் பயணம் இருபத்திரண்டு மணியைத் தொடுகிறது. இரவில் தொப்பூர் கணவாயைக் கடந்தவர்களுக்கு, அந்த எட்டு மணி நேரம் விமானத்தில் கழியும் எட்டு மணி நேரத்துக்கு நிகரானது அன்று என்பது தெரியும்.

சென்னை வழி கார்ப் பயணத்தைத் தவிர்க்கிறது. பீளமேட்டிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். எனினும் லண்டன் விமானம் விடியற்காலையில் புறப்படுவதாக இருந்தால், முந்தைய மாலையே மீனம்பாக்கம் போய் இரவெல்லாம் காத்திருக்க நேரிடும். வயதானவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வரைபடத்தில் பார்க்கும்போது வியப்பளிப்பது அபுதாபி வழியே. கோவையிலிருந்து அபுதாபி சுமார் 2,800, அங்கிருந்து ஹீத்ரோ சுமார் 5,500 என 8,300 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நேர்கோட்டைவிட நூற்றைம்பது கிலோமீட்டர்கூடக் கூடுதல் இல்லை. நான்கு மணி நேரமும் ஏழரை மணி நேரமுமாக இரண்டு விமானங்கள், இடையே நான்கு மணி நேரக் காத்திருப்பு, பீளமேட்டில் மூன்று மணி நேரம் என்று கூட்டினால் பதினெட்டரை மணி நேரம். கோவை–அபுதாபி நேரடி விமானம் 2024 ஆகஸ்டில் வாரத்தில் சில நாள்களுக்கு மட்டுமாகத் தொடங்கியது என்பதால், நாளைப் பார்த்துத்தான் திட்டமிடவேண்டும். அதைவிட முக்கியமாக, இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் அமையவேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க நேரலாம். அதற்கு அமீரக விசாவும் தேவைப்படலாம்.

எந்த வழியானாலும், டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்கக்கூடாது. காலை 7 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 1 மணிக்கு ஹீத்ரோவில் இறங்குவதாக இருந்தால் அது ஆறு மணிப் பயணம் அன்று. லண்டன் கோடையில் நம்மைவிட நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. திரும்பும்போது மேலைக்காற்று பின்னிருந்து தள்ளுவதால் பயணம் சற்றுக் குறையும்.

பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்க்காரர்களுக்கு, ஒரே டிக்கெட் கிடைக்குமானால், அபுதாபியே என் தேர்வு. சேலத்துக்காரர்களுக்கோ தேவனஹள்ளி சுமார் 240 கிலோமீட்டர்தான். அவர்கள் பீளமேட்டுக்கு வருவதைவிடப் பெங்களூருவுக்கே போய்விடலாம்.