இடம் மாறிய பாத்திரங்கள்: லூ கிரான்ட், ஃபிரேசியர், சால் குட்மேன்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1970 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘தி மேரி டைலர் மூர் ஷோ’ என்ற நகைச்சுவைத் தொடரில், மினியாபொலிஸ் நகரத்துச் செய்தி அறையில் வேலை செய்யும் சகாக்கள் தங்கள் மேலதிகாரியை ‘லூ’ என்று பெயர் சொல்லியே அழைப்பார்கள். நாயகி மேரி மட்டும் அவரை ‘மிஸ்டர் கிரான்ட்’ என்பார். அந்த விளியில் மரியாதை இருந்தது, பாசம் இருந்தது, தாண்டக் கூடாத ஒரு கோடும் இருந்தது. கடைசி சீசனின் முடிவை ஒட்டி இருவரும் காதலர்களாகிப் பார்க்கலாமே என்று முத்தமிட முயன்று, பாதியிலேயே சிரித்துவிடும் காட்சி அவ்வளவு உண்மையாக இருப்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம். தொடர் முடிந்த அதே 1977இல் லூ கிரான்ட் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, தன் பெயரிலேயே தொடங்கிய புதிய தொடரில் நாளிதழ் ஒன்றின் நகரச் செய்தி ஆசிரியராகிறார். அங்கே பத்திரிகை உரிமையாளரை அவர் ‘மிஸஸ் பிஞ்சன்’ என்று அழைக்கிறார். நடிகர் எட் ஆஸ்னர் மாறவில்லை, முரட்டுத்தனமும் மாறவில்லை. ஆனால் மரியாதை விளியைப் பெற்றுக்கொண்டிருந்தவர் இப்போது அதைக் கொடுப்பவராகிவிட்டார்.

ஒரு தொடரின் பாத்திரத்தை எடுத்து இன்னொரு தொடரில் நடும்போது, அந்தப் பாத்திரத்தின் குணம் மட்டும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்துவிடும் என்றுதான் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள். நாம் விரும்பியது குணத்தை மட்டும் அல்ல. அந்தக் குணம் இன்னொருவரோடு உரசியபோது பிறந்த உறவையும் சேர்த்துத்தான் விரும்பினோம். அந்த இன்னொருவர் பழைய தொடரிலேயே தங்கிவிடுகிறார். இந்த இழப்பை எதிர்கொள்ள மூன்று வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன: தொடரின் வடிவத்தையே மாற்றிய ‘லூ கிரான்ட்’, வடிவத்தை வைத்துக்கொண்டு உறவுகளை முற்றிலும் மாற்றிய ‘ஃபிரேசியர்’, காலத்தைப் பின்னோக்கித் திருப்பிய ‘பெட்டர் கால் சால்’. மூன்றும் நல்ல தொடர்களே. என்றாலும் உறவை முதன்மையாகக் கொண்டு அளக்கும்போது அவை ஒரே உயரத்தில் நிற்கவில்லை.

மூன்றில் மிகத் துணிச்சலானது ‘லூ கிரான்ட்’ என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மூலத்தொடர் அரை மணி நேரம் நீள்வது. அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்கள் முன்னிலையில், பல கேமராக்களைக் கொண்டு, நாடகம் போலப் படமாக்கப்பட்டது. புதிய தொடரோ ஒரு மணி நேர நாடகம். ஒற்றைக் கேமரா, சிரிப்பொலி கிடையாது. மூலத்தொடரை உருவாக்கிய ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் ஜீன் ரெனால்ட்ஸுடன் சேர்ந்து இதை அமைத்தார்கள். இந்த மாற்றம் கதைக் களத்தோடு நிற்காமல், லூவின் ஒவ்வொரு செயலுக்கும் உரிய பொருளையே மாற்றிவிட்டது. மினியாபொலிஸில் அவர் மேசை இழுப்பறையில் இருந்த மதுப் புட்டி ஒரு வேடிக்கை. அவருடைய கோபமும் வேடிக்கைதான், ஏனென்றால் அடுத்த நிமிடமே மேரியின் முகத்தைப் பார்த்து அவர் இளகிவிடுவார் என்பது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சிரிப்பொலியை நீக்கிவிட்டால், கத்துகிற அதிகாரி வெறுமனே கத்துகிற அதிகாரியாகிவிடுவார். ஆகவே புதிய தொடர் அவர் கோபத்திற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணத்தைத் தேடித் தரவேண்டியிருந்தது: நிருபர் மறைத்த உண்மை, விளம்பரதாரரின் நெருக்கடி, வெளியிட்டால் ஒருவர் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடிய செய்தி. ஆஸ்னர் இதைச் சுமந்து காட்டினார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வழங்கப்படும் எம்மி விருதுகளில் மூலத்தொடருக்காக மூன்றும் புதிய தொடருக்காக இரண்டும் பெற்று, ஒரே பாத்திரத்திற்காக நகைச்சுவை, நாடகம் ஆகிய இரு பிரிவுகளிலும் வென்ற முதல் நடிகர் ஆனார்.

ஆனால் விலை கொடுக்காமல் இது நடக்கவில்லை. ஜோ ரோஸி, பில்லி நியூமன் போன்ற நிருபர்களோடு லூவுக்கு ஏற்பட்ட உறவு வேலையின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. செய்தி வந்தால் அந்த உறவு உயிர் பெறும். செய்தி முடிந்ததும் அதுவும் அடங்கிவிடும். விதிவிலக்கு மிஸஸ் பிஞ்சன். கணவரை இழந்தபின் பத்திரிகையைத் தன் கையில் வைத்திருக்கும் அந்தப் பெண்மணியை நான்சி மார்சாண்ட் நடித்த விதத்தில், லூவின் முரட்டுத்தனத்திற்குச் சரியான எதிர்முனை கிடைத்தது. அந்த வேடத்திற்காக அவர் நான்கு எம்மி விருதுகள் பெற்றதில் வியப்பில்லை. ஆனால் மேரி ஒருமுறைகூட லாஸ் ஏஞ்சலஸ் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது என்றே நினைக்கிறேன். அசட்டுத்தனமே உருவான மினியாபொலிஸ் செய்தி வாசிப்பாளர் டெட் பாக்ஸ்டர் அந்த நாளிதழ் அலுவலகத்திற்குள் நுழைந்திருந்தால், அங்கே ஐந்து ஆண்டுகளாகக் கட்டி எழுப்பிய நம்பகத்தன்மை ஒரு நொடியில் சரிந்திருக்கும். வடிவத்தை மாற்றியவர்கள், பழைய உறவுகள் திரும்பி வரக்கூடிய கதவையும் தங்கள் கையாலேயே பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள்.

‘ஃபிரேசியர்’ அந்தக் கதவைத் திறந்தே வைத்தது. பாஸ்டன் நகர மதுக்கடை ஒன்றில் நடக்கும் ‘சியர்ஸ்’ தொடரின் மூன்றாம் சீசனில், 1984இல், பணிப்பெண் டயானின் காதலராக ஓரமாக நுழைந்த மனநல மருத்துவர் ஃபிரேசியர் கிரேன், 1993இல் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்து 11 சீசன்களும் 264 அத்தியாயங்களும் நீடித்த தனித்தொடரின் நாயகர் ஆனார். வடிவம் அதேதான்: அரை மணி நேரம், பல கேமராக்கள், அரங்கில் பார்வையாளர்கள். மாறியவை உறவுகள். மதுக்கடையில் அவர்தான் எல்லோரையும்விடப் படித்தவர், அதனாலேயே கேலிக்கு ஆளானவர். சியாட்டிலில் அவரைவிடப் பகட்டான தம்பி நைல்ஸைப் பக்கத்தில் நிறுத்தியதும், அதே ஃபிரேசியர் திடீரென்று சராசரி மனிதராகத் தெரிகிறார். நாயகரின் குணத்தில் ஒரு சொல்லையும் திருத்தாமல், எதிரில் நிற்பவரை மாற்றியே நாயகரை மாற்றிவிட்ட இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதைவிடப் பெரிய செயல் தந்தையின் வருகை. ‘சியர்ஸ்’ தொடரில் தன் தந்தை ஓர் ஆராய்ச்சியாளர் என்றும், இறந்துவிட்டார் என்றும் ஃபிரேசியர் சொல்லியிருந்தார். புதிய தொடரின் முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தந்தை, இடுப்பில் குண்டடிபட்டு ஓய்வுபெற்ற காவலர் மார்ட்டினாக, ஊன்றுகோலோடும் நாயோடும் கிழிந்த சாய்வு நாற்காலியோடும் மகன் வீட்டில் வந்து தங்குகிறார். வேறு எழுத்தாளர்கள் இந்த முரணைக் கண்டும் காணாதவர்கள் போலக் கடந்திருப்பார்கள். இவர்கள் 1995இல் பழைய தொடரின் நாயகர் சாம் மலோனைச் சியாட்டிலுக்கு அழைத்துவந்து, மார்ட்டினின் முன்னிலையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தார்கள். தந்தையோடு சண்டையிட்டிருந்த கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டதாக ஃபிரேசியர் ஒப்புக்கொள்ள நேர்கிறது. உயிரோடு இருக்கும் அப்பாவை ‘செத்துவிட்டார்’ என்று ஊராரிடம் சொன்ன மகன், இன்று அதே அப்பாவுக்குச் சோறு போட்டு வீட்டில் வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வீட்டின் ஒவ்வொரு சச்சரவுக்கும் புதிய ஆழம் கிடைக்கிறது. கதைத் தொடர்ச்சியில் விழுந்த ஓட்டையையே உறவின் காயமாக ஆக்கிக்கொண்ட சாமர்த்தியத்திற்கு நிகராக இன்னொன்றை நான் கண்டதில்லை.

வடிவமும் இங்கே உறவுக்கு உதவி செய்கிறது. ஃபிரேசியர் வானொலியில் நேயர்களின் குறைகளைக் கேட்டு ஆலோசனை சொல்பவர். முதல் அத்தியாயத்தின் இறுதியில் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு நேயரைப் போலத் தொலைபேசியில் அழைக்கும் மார்ட்டின், வீட்டில் நேருக்கு நேர் சொல்ல முடியாத நன்றியை அங்கேதான் சொல்கிறார். மகன் மனம் திறந்து கேட்பதற்கு அவர்களுக்கு இடையில் ஓர் ஒலிவாங்கி தேவைப்படுகிறது. இதே தொடரில் நைல்ஸுக்கும் மார்ட்டினைக் கவனித்துக்கொள்ளும் டாஃப்னிக்கும் இடையிலான காதல் ஏழு சீசன்கள் ஒருதலையாகவே நீடித்து, 2000இல் இருவரும் சேர்ந்து கிளம்பிப் போகும்போது உச்சத்தை அடைகிறது. அதற்குப் பிந்திய இரண்டு மூன்று சீசன்களில் தொய்வு தெரிவதை மறைக்க வேண்டியதில்லை. ஏக்கத்தைக் கொண்டு நகைச்சுவை செய்யத் தெரிந்த அளவுக்கு, நிறைவைக் கொண்டு நகைச்சுவை செய்ய அவர்களுக்குக் கைவரவில்லை. மேரியின் தோழிக்காக 1974இல் தொடங்கிய ‘ரோடா’ தொடரும் இதே இடத்தில்தான் தடுமாறியது: நாயகிக்கு எட்டாவது அத்தியாயத்திலேயே திருமணம் செய்துவைத்து, பின்னர் கதை நகராமல் தம்பதியைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

‘ஃபிரேசியர்’ சென்ற வழியை அப்படியே பின்பற்றினால் வெற்றி கிடைத்துவிடும் என்று எண்ணுபவர்கள் ‘ஜோயி’ தொடரைப் பார்க்க வேண்டும். ‘ஃப்ரெண்ட்ஸ்’ முடிந்த 2004இல் அதே என்பிசி தொலைக்காட்சி, அதே வடிவத்தில், ஜோயியை மேற்குக் கரைக்கு அனுப்பி, உடன்பிறந்தவரையும் நெருங்கிய உறவினரையும் துணைக்கு வைத்தது. இரண்டு சீசன்களோடு கதை முடிந்தது. ஃபிரேசியர் பழைய தொடரின் விளிம்பில் இருந்தவர். அவர் வீடு, பெற்றோர், இளமை எல்லாம் எழுதப்படாத வெற்றுத்தாள். ஜோயியோ பத்து ஆண்டுகள் ஆறு நண்பர்களில் ஒருவராக முழுமையாக எழுதப்பட்டவர். நெருங்கிய நண்பர் சான்ட்லர் எதிரில் இல்லாத ஜோயியின் அப்பாவித்தனம், பதில் வராத கேள்வியைப் போலக் காற்றில் தொங்கியது.

மூன்றாவது வழி ‘பெட்டர் கால் சால்’. வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் தயாரிக்கும் குற்றவாளியாக மாறும் கதையான ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் இரண்டாம் சீசனில், 2009இல், சிரிப்பூட்டும் குறுக்குவழி வழக்கறிஞராக அறிமுகமான சால் குட்மேனுக்கு, அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்றையே வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் முதலில் யோசித்தார்கள். அலுவலகத்திற்கு வாரம் ஒரு விசித்திரமான கட்சிக்காரர் வருவார் என்ற அளவிலான யோசனை அது. அதைக் கைவிட்டு ஒரு மணி நேர நாடகத்தைத் தேர்ந்ததுதான் பாத்திரத்தைக் காப்பாற்றியது. அரை மணி நேரம் சால் என்ற முகமூடியைக் காட்டப் போதும். அதன் உள்ளே இருக்கும் ஜிம்மி மக்கில் என்ற மனிதரைக் காட்டப் போதாது. 2015 முதல் 2022 வரை வந்த 63 அத்தியாயங்களில், அவர் சால் குட்மேன் என்ற பெயரைத் தொழிலுக்கென முறைப்படி ஏற்பதே நான்காம் சீசனின் இறுதியில்தான்.

இந்தத் தொடரின் உயிர்நாடி ஜிம்மிக்கும் சக வழக்கறிஞர் கிம் வெக்ஸ்லருக்கும் இடையிலான உறவு. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் கிம்மின் பெயர்கூட வருவதில்லை. ஆகவே மூலத்தொடரை அறிந்த பார்வையாளருக்கு, அவர்கள் சேர்ந்து சிரிக்கும் காட்சியும்கூட அடிவயிற்றில் ஓர் அச்சத்தை உண்டாக்குகிறது: இவர் எங்கே போனார், ஏன் சால் ஒருமுறையும் இவரைப் பற்றிப் பேசவில்லை? முன்கதை சொல்லும் தொடர்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது என்பது பெரிய குறை. இங்கே அந்தக் குறையே கதையை இழுத்துச் செல்லும் கயிறாகிவிட்டது. மூலத்தொடரின் பாலைவனக் காட்சியில் சால் பயந்து உளறும் ‘இக்னாசியோ’, ‘லாலோ’ என்ற இரண்டு பெயர்களிலிருந்து இரு முழுப் பாத்திரங்களை வளர்த்தெடுத்ததும் இதே முறையில்தான். இறுதி அத்தியாயத்தில், சுமார் ஏழு ஆண்டுகள் என்று பேசிக் குறைத்து வாங்கிய தண்டனையை உதறி, கிம் கேட்டிருக்க உண்மையை ஒப்புக்கொண்டு 86 ஆண்டுகளை ஏற்கிறார் ஜிம்மி. பின்னர் சிறைக்குள் இருவரும் ஒரே சிகரெட்டைப் பகிர்ந்துகொள்ளும் கறுப்பு வெள்ளைக் காட்சியில், தீச்சுடர் மட்டும் நிறத்தோடு எரிகிறது. முதல் அத்தியாயத்தில் அவர்கள் சிகரெட் பகிர்ந்துகொண்ட காட்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுடரின் நிறம் போதும்.

ஆக, ‘ஃபிரேசியர்’, ‘பெட்டர் கால் சால்’ ஆகிய இரண்டும் தங்கள் தலைசிறந்த உறவை மூலத்தொடரின் வெற்றிடத்திலிருந்தே எடுத்தன: ஒன்று இறந்ததாகச் சொல்லப்பட்ட தந்தையிடமிருந்து, மற்றொன்று பெயரே சொல்லப்படாத பெண்ணிடமிருந்து. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால், நான் ‘ஃபிரேசியர்’ பக்கமே நிற்பேன். ஜிம்மி, கிம் உறவு ஆழமானதுதான். ஆனால் அதன் அச்சம் முழுமையாக உறைக்க, மூலத்தொடரின் 62 அத்தியாயங்களையும் பார்த்திருக்க வேண்டும். மார்ட்டினும் ஃபிரேசியரும் சண்டையிட்டுக்கொள்ளும் கூடத்திற்குள், ‘சியர்ஸ்’ தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவரும் தயங்காமல் நுழையலாம். பார்த்தவருக்கு இன்னொரு அறை கூடுதலாகத் திறக்கும்.

‘லூ கிரான்ட்’ தொடரை இவற்றுக்குக் கீழே வைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அது செய்ததை அதற்கு முன் யாரும் அவ்வளவு முழுமையாகச் செய்துகாட்டவில்லை. அந்தத் தொடருக்கு அதன் வடிவம் அனுமதித்த அளவில் ஒரு சிறு சலுகை கிடைத்திருக்கலாம். 114 அத்தியாயங்களில் ஏதாவது ஒன்றில், பதிப்பு முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு, அவர் மேசைத் தொலைபேசி ஒலித்து, மறுமுனையில் மேரியின் குரல் ‘மிஸ்டர் கிரான்ட்’ என்று தயக்கத்தோடு அழைத்திருக்கலாம்.