காப்பிக் கணக்குக்குக் கார்ட்டெசி: ஒரு பருவத்து அனுபவம்

பிளாக்செயினுக்குள் போட்டால் செலவாகும் கணக்கை வெளியே போட்டு, விடையை மட்டும் உள்ளே அனுப்பும் அமைப்புதான் கார்ட்டெசி கோபிராசசர். அதற்கான நிரல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சூழல் அமைப்பவர்கள் பிளாக்செயினைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆளைச் சோதிப்பது லினக்ஸ் பகுதிதான். ஒரு காப்பிப் பருவம் முழுக்கக் கார்ட்டெசி கருவிகளோடு பழகிய பிறகு இதைச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் சிலர் தங்கள் பார்ச்மென்ட் காப்பியை (பழத்தோல் நீக்கி, உள் ஓட்டோடு உலர்த்திய கொட்டை) சேர்த்து விற்கிறார்கள். எடை, ஈரப்பதம், கழிவு பார்த்துப் பணத்தைப் பிரிக்க வேண்டும். சந்தேகப்படுகிறவர் அதே கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கவும் வழி வேண்டும். எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்குள்ளேயே இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. அங்கே தசம எண்கள் கிடையாது. புதிதாக ஓர் எண்ணைச் சேமிக்கவே 20,000 கேஸுக்கு (அங்கே கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) மேல் ஆகும். கோபிராசசர் முறையில், ரிஸ்க்-ஃபைவ் செயலியைப் பாவனை செய்யும் இயந்திரத்துக்குள் முழு லினக்ஸ் ஒன்று கணக்கைப் போடுகிறது. ஐகன்லேயர் என்ற எத்தீரியம் அமைப்பில் பிணை வைத்து இயங்கும் ஆபரேட்டர்கள் விடைக்குக் கையெழுத்திட, அது கான்ட்ராக்டுக்கு, அதாவது பிளாக்செயினில் இருக்கும் நிரலுக்கு, திரும்புகிறது.

டாக்கர் (நிரலை அதன் சூழலோடு இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டி ஓட்டும் கருவி), ஃபவுண்ட்ரி (கான்ட்ராக்டுகளைச் சோதிக்கும் கருவித்தொகுப்பு), ரஸ்ட் (நிரல்மொழி) ஆகியவற்றை நிறுவுவது எளிது. அடுத்து, ரிஸ்க்-ஃபைவ் இமேஜைச் சாதாரணக் கணினியில் கட்ட டாக்கருக்கு, வேறு செயலியைப் பாவனை செய்யும் கியூஎமுவின் துணை வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை. பைத்தான் நூலகங்கள் பலவற்றுக்கு இந்தச் செயலிக்கான ஆயத்தத் தொகுப்பு கிடைப்பதில்லை. மூலநிரலிலிருந்து கட்டினால் பாவனைச் செயலியில் அது நகரவே நகராது. கனமான நூலகங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிராமையும் பைசாவையும் முழு எண்களாக வைத்து எழுதிய பிறகு வேலை ஓடத் தொடங்கியது. உங்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

நீண்ட நாள் பயன்பாட்டில் முக்கியமாகத் தெரிந்தது ஹாஷ் விஷயம்; ஹாஷ் என்பது தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு. இயந்திரத்தின் தொடக்க நிலை முழுவதற்கும் ஒரே ஹாஷ். கான்ட்ராக்ட் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறும், கான்ட்ராக்டை மீண்டும் ஏற்ற வேண்டும். நிரலைத் தொடாமலேயே இமேஜை மறுபடி கட்டும்போது, இடையில் ஏதோ ஒரு தொகுப்பு புதுப்பிக்கப்பட்டிருந்தால் அதுவும் போதும். ஆகவே அடிப்படை இமேஜையும் ஒவ்வொரு தொகுப்பின் பதிப்பையும் முதல் நாளே குறித்து நிலைநிறுத்துங்கள். இந்தக் கண்டிப்பு தொல்லையல்ல; தோட்டக்காரருக்கு நாம் தரும் உறுதியே இதில்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, இவ்வளவும் இணையமின்றி ஓடுவது. டாக்கர் இமேஜ்கள் ஜிபி கணக்கில் வரும், அவற்றைச் சேலத்திலேயே இறக்கிக்கொள்வேன். மலையில் மழை பிடித்தால் சிக்னலை நம்ப முடியாது. ஆனால் சோதனைக்கான உள்ளூர்ச் சங்கிலி (பிளாக்செயின்) மடிக்கணினிக்குள்ளேயே இருப்பதால், உலர்களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தோட்டக்காரர் கண்ணெதிரே கணக்கை ஓட்டிக் காட்ட முடிகிறது. அவர் ஒரு மூட்டையின் ஈரப்பதத்தை மாற்றச் சொல்வார். தம் பங்கு எவ்வளவு குறைகிறது என்று அங்கேயே பார்ப்பார்.

நினைவகம் 16 ஜிபியாவது இருக்கட்டும். அந்த உள்ளூர்ச் சங்கிலியை ஓட்டும் ஃபவுண்ட்ரி கருவியான ஆன்வில்லை நிறுத்தினால் அதன் நிலை அழிந்துவிடும், ஆகவே நிலையைக் கோப்பில் சேமிக்கும் விருப்பத்தோடு தொடங்குங்கள். அது தரும் 10 கணக்குகளிலும் தலா 10,000 சோதனை ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) இருக்கும். அவற்றின் சாவிகள் உலகறிந்தவை என்பதால், உண்மையான வலைப்பின்னலில் அந்தக் கணக்குகளுக்கு ஒரு பைசா கூட அனுப்பாதீர்கள்.