திருப்பூரில் ஒரு பேச்சு ஆங்கில வகுப்பு: சொல்லாமல் சொல்வதைக் கேட்கப் பழக்கும் இடம்

திருப்பூர் அவிநாசி சாலைப் பகுதியில், பின்னலாடை ஏற்றுமதி நிறுவன மெர்ச்சண்டைசர்களுக்கென்று (ஆர்டர்களை வாங்குபவருடன் பேசி ஒருங்கிணைப்பவர்கள்) ஞாயிறுதோறும் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பில் படித்தேன். இலக்கணமும் மின்னஞ்சல் நடையும் மற்ற இடங்களிலும் கிடைப்பவைதான். வெளிநாட்டு பையர் (ஆடை வாங்குபவர்) சட்டென்று சொல்லும் உணர்ச்சித் தொடருக்குள் அவர் உண்மையில் கருதுவது என்ன என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பை வேறெங்கும் நான் கண்டதில்லை.

சாயப்பட்டறையில் தாமதமாகிவிட்டது என்று நாம் வருந்தும்போது எதிர்முனையில் இருப்பவர் 'டெல் மீ அபவுட் இட்!' என்றால், விவரம் கேட்கிறார் என்றெண்ணிப் பலரும் முழுக் கதையையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். 'அந்தப் பாடு எனக்கும் தெரியும்' என்பதே அவர் கருத்து. 'ஃபேர் இனஃப்!' என்பதும் பாராட்டு அன்று. முழு நிறைவு இல்லாவிட்டாலும் நாம் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டு அவர் மேலே செல்கிறார். 'கம் ஆன்!' தயங்குபவரை ஊக்கவும் வரும், சொன்ன விலையை நம்ப மறுக்கவும் வரும். 'ரியலி!' என்பதில் குரல் ஏறினால் வியப்பு அல்லது கேள்வி, தணிந்து விழுந்தால் பெரும்பாலும் ஐயம் அல்லது ஆர்வமின்மை. இதை விளக்க ஆசிரியர் நம் பக்கத்து 'அப்படீங்களா!'வை எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தம்: செய்தி கேட்டு மகிழ்ந்தவரும் அதைச் சொல்வார், ஒன்றையும் நம்பாமல் மரியாதைக்குத் தலையாட்டுபவரும் அதைத்தான் சொல்வார். ஈரோட்டிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வந்திருந்தவர்களுக்கு அந்த நொடியே பிடிபட்டுவிட்டது.

ஆயினும், கையில் தரும் குறிப்பேடு வெறும் பொருள் பட்டியலாக இருப்பது பெரிய குறை. குரலை வைத்தே பொருள் மாறும் என்று கற்பித்துவிட்டு, ஒலிப்பதிவு எதையும் தராமல் மனப்பாடம் செய்யச் சொல்வது பாடத்தின் நோக்கத்துக்கே முரணானது. சாம்பிளைப் பார்த்துச் சொல்லப்படும் 'க்வைட் குட்!' அமெரிக்கர் வாயில் 'மிக நன்று' என்ற அளவிலும், பிரிட்டிஷ்காரர் வாயில் பல நேரம் 'பரவாயில்லை' என்ற அளவிலும் நிற்கும். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவருக்கு இதைவிடத் தேவையான வேறுபாடு இல்லை, இங்கோ அது ஒரே வரியில் கடந்து போயிற்று.

கட்டணம் சற்றுக் கூடுதல்தான். ஓரளவு ஆங்கிலம் பேசத் தெரிந்து, வீடியோ அழைப்புகளில் பையரிடம் நேரடியாகப் பேச வேண்டியிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். அடிப்படையிலிருந்து தொடங்குபவர்களுக்கு இவ்வகுப்பு எட்டாது.