தும்பு மில்லில் கெப்பாசிட்டர் பேனல்: சில வருஷ அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம், தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் எங்கள் தும்பு மில்லில் கெப்பாசிட்டர் பேனல் மாட்டிச் சில வருஷம் ஆகிறது. வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது யூனிட்டைக் குறைக்கிற கருவி அல்ல. குறைவது மெயின் லைனில் வரும் கரண்ட்டும், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்று காட்டும் எண், முழுதும் போனால் 1) 0.85க்குக் கீழே போனால் பில்லில் ஏறும் அபராதமும்தான். எங்களுக்கு அதுவே பெரிய லாபம்.

கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, அடிக்கிற மோட்டார் இழுக்கும் கரண்ட்டில் ஒரு பங்குதான் தண்டைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு சுருளில் காந்தப்புலம் உண்டாக்கப் போய், திரும்ப லைனுக்கே வந்துவிடுகிறது. கதம்பை போடாமல் மோட்டார் சும்மா சுற்றினாலும் இந்தப் பங்கு பெரிதாகக் குறையாது. அதனால்தான் லோடு இல்லாத நேரத்தில் பவர் ஃபேக்டர் படுத்துவிடுகிறது. அந்தப் பங்கை மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தபடியே கெப்பாசிட்டர் கொடுத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 415 வோல்ட்டில் 30 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் 0.7 என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 60 ஆம்பியர். அதே லோடு 0.96க்கு வந்தால் 43 ஆம்பியர். கேபிள் சூடு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவது என்பதால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். பேனல் மாட்டிய அன்று நான் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட்டை அளக்கும் மீட்டர்) மோட்டார் வயரில் போட்டுப் பார்த்தேன், முள் பழைய அளவிலிருந்து அசையவில்லை. “அங்க மாறாது அண்ணாச்சி, மெயின்ல போட்டுப் பாருங்க” என்றார் எலெக்ட்ரீசியன். அங்கே தெளிவாக இறங்கியிருந்தது. மோட்டாருக்கு வேண்டியது எப்போதும் வேண்டும், வரும் இடம்தான் மாறுகிறது.

குறை என்றால் பராமரிப்பு. கடல் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கிறது, தும்புத் தூசி பேனலுக்குள் அடைகிறது. ஒரு ஃபியூஸ் போனாலும் வெளியே தெரியாது, அடுத்த பில்தான் சொல்லும். அதனால் மாதம் ஒருமுறை மூன்று ஃபேஸிலும் கெப்பாசிட்டர் கரண்ட்டைப் பார்க்கச் சொல்கிறேன். உப்பிய கெப்பாசிட்டரை உடனே மாற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், உடனே கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, வோல்டேஜ். 440 வோல்ட் கெப்பாசிட்டர் 380 வோல்ட்டில் முக்கால் பங்குதான் வேலை செய்யும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள்.

வீட்டில் பிளக்கில் சொருகும் ‘கரண்ட் சேமிப்பு’ பெட்டிக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். வீட்டு பில் யூனிட்டுக்குத்தான். ஒரே மோட்டார் வைத்திருக்கும் சின்ன மில்லுக்கு, லோடுக்கு ஏற்பக் கெப்பாசிட்டர்களைத் தானே சேர்த்து விலக்கும் தானியங்கி பேனலும் வேண்டாம். மோட்டாரோடு சேர்ந்து ஆன், ஆஃப் ஆகிற மாதிரி சரியான அளவில் ஒரு கெப்பாசிட்டர் போதும்.