எஃப்ஆர்ஆரா, பேர்டா? பாதி மாறியவனின் கணக்கு

லினக்ஸ் பெட்டியை ரௌட்டராக்கக் கிளம்பினால் கடைசியில் இரண்டு ரௌட்டிங் மென்பொருள்களின் பெயர்கள் முன்னால் வந்து நிற்கும்: எஃப்ஆர்ஆர், பேர்ட். எங்கள் நெட்வொர்க் சின்னது. இரண்டு அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இணையம் தரும் நிறுவனங்கள்), ஒரு எக்ஸ்சேஞ்ச் (பல நெட்வொர்க்குகள் நேரடியாகச் சேரும் இடம்) இணைப்பு, எல்லையில் இரண்டு பெட்டிகள். மூன்று வருடம் எஃப்ஆர்ஆரில் ஓட்டிவிட்டு, முதல் பெட்டியை பேர்டுக்கு மாற்றினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

இரண்டும் இலவசம். வெளி நெட்வொர்க்குகளோடு ரூட் பரிமாறும் பிஜிபி, நெட்வொர்க்குக்குள் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப், இரண்டு புரோட்டோகாலும் பேசும். இணையத்தின் எல்லா ரூட்களும் அடங்கிய, பத்து லட்சத்தை ஒட்டிய முழு டேபிளை இன்றைய சர்வரில் இரண்டுமே தாங்கும். வேகத்தைப் பற்றிச் சண்டை போட ஒன்றுமில்லை.

எஃப்ஆர்ஆர் வரிக்குதிரை வம்சம். ஸீப்ராவிலிருந்து குவாகா, குவாகாவிலிருந்து இது, 2017-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில். (குவாகா அழிந்துபோன வரிக்குதிரை. தெரிந்தேதான் பெயர் வைத்தார்களா?) ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் தனி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), ஸீப்ரா என்ற டீமன் நடுவில் உட்கார்ந்து எந்த ரூட் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) போகும் என்று தீர்மானிக்கும். கட்டளைகள் சிஸ்கோ சாயல், அதனால் புதிதாக வந்த பையன்கூட அரை நாளில் பழகிவிடுவான். பேர்ட் பிராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இப்போது செக் நாட்டு டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் சிஇசட்.நிக் பராமரிக்கிறது. அதில் கெர்னலும் ஒரு புரோட்டோகால்தான். ஏற்றுமதி செய்யச் சொல்லாவிட்டால் ரூட் கெர்னலுக்குள் போகவே போகாது. முதல் நாள் இதில் ஒரு மணி நேரம் விழித்தேன்.

என்னை மாற வைத்தது ஃபில்டர் பராமரிப்பு, அதாவது எந்த ரூட்டை ஏற்பது, எதை அறிவிப்பது என்ற விதிகள். ஒரு நாள் இரவு இரண்டாவது அப்ஸ்ட்ரீமுக்கான ரூட்-மேப்பில் (எஃப்ஆர்ஆரின் ஃபில்டர், எண் வரிசையில் வரிகள்) எண்களை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தேன். தடுக்கும் வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதற்குள் போன் அடித்தது. எஃப்ஆர்ஆர் ரூட்-மேப் மாற்றத்துக்கு ஐந்து விநாடிதான் காத்திருக்கும். போனை வைப்பதற்குள், ஒரு அப்ஸ்ட்ரீம் தந்த டேபிள் மொத்தமும் இன்னொருவருக்கு அறிவிப்பாகப் போய்விட்டது. அவர்கள் பிரிஃபிக்ஸ் (ஒரு ரூட்டின் முகவரித் தொகுதி) எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்ததால் செஷன் அறுந்தது, நல்லவேளை. தப்பு என்னுடையதுதான்.

கோப்பில் எழுதி ரீலோட் ஸ்கிரிப்டை ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம். வித்தியாசத்தைக் கண்டுபிடித்து வரிவரியாக இறக்கும். ஆனால் இறக்கியது தப்பென்றால் தானாகத் திரும்பாது. பேர்டில் கோப்பை முழுதாக எழுதி, பிழை இருக்கிறதா என்று ‘கான்ஃபிகர் செக்’ போட்டு, பிறகு ‘கான்ஃபிகர் டைம்அவுட்’ கொடுக்கிறேன். 300 விநாடிக்குள் நான் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பே வந்துவிடும். என்னையே வெளியே பூட்டிக்கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் கதவு திறக்கும்.

அப்புறம் அந்த ஃபில்டர் மொழி. ‘இது வாடிக்கையாளர் ரூட்டா’ என்று ஒரே ஃபங்ஷன் எழுதி மூன்று பக்கமும் அழைக்கிறேன். ஒரு நிபந்தனையில் எந்தெந்த ரூட் சிக்கும் என்று ‘ஷோ ரூட் வேர்’ போட்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ரூட்-மேப்பில் இதே வேலைக்கு மூன்று இடத்தில் திருத்தி, ஒன்றை மறந்திருப்பேன்.

மாறுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவும். ஒரே பிரிஃபிக்ஸ் ஓஎஸ்பிஎஃப்பிலும் வெளி பிஜிபியிலும் வந்தால், எஃப்ஆர்ஆர் வெளி பிஜிபியை எடுக்கும் (முன்னுரிமை எண் வெளி பிஜிபிக்கு 20, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, சிறியது ஜெயிக்கும்). பேர்ட் ஓஎஸ்பிஎஃப்பை எடுக்கும் (ஓஎஸ்பிஎஃப்புக்கு 150, பிஜிபிக்கு 100, பெரியது ஜெயிக்கும்). அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் டிராஃபிக்கை எதிரெதிர்த் திசையில் தள்ளும்.

ஐஎஸ்-ஐஎஸ் (ஓஎஸ்பிஎஃப் போன்ற இன்னொரு உள் புரோட்டோகால்) வேண்டுமென்றால் பேர்டில் கிடையாது, பாக்கெட்டுகளுக்கான லேபிள்களைப் பகிரும் எல்டிபியும் அப்படியே. டேட்டா சென்டரில் ஈவிபிஎன் (பல சர்வர்களை ஒரே உள் நெட்வொர்க் போல இணைக்கும் முறை) ஓட்டுகிறவர்கள் எஃப்ஆர்ஆர் பக்கமே அதிகம். நான் ஈவிபிஎன்னை லேபில் மட்டும் தொட்டவன், அதற்கு மேல் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது பெட்டி இன்னும் எஃப்ஆர்ஆர்தான், வேண்டுமென்றே. ஒரே பக் இரண்டையும் சேர்த்துச் சாய்க்கக் கூடாது. அதில் ஃபில்டரைத் தொடும்போது மட்டும் போனை அணைத்து வைத்துவிடுகிறேன்.