அனுப்பிய பணம் கைக்கு வந்து சேரும் வழி

பதினோரு ஆண்டுகளாக மாதந்தோறும் பெரியம்மாவுக்குப் பணம் அனுப்பி வருகிறேன். கைபேசித் திரையில் 'பணம் தயார்' என்ற செய்தி வந்ததும் என் பங்கு முடிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன். அண்மையில் மூன்று வார விடுப்பில் தாயகம் சென்றபோதுதான், அந்தத் தொகையை வாங்க அவர் போகும் வழியில் முதன்முறையாக உடன் நடந்தேன்.

பணம் பெறும் முகவர் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, நான் பதிவு செய்திருந்த பெயருக்கும் அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபடுவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுன்டரில் இருந்தவர் கனிவாகவே பேசினார். கறுப்புப் பணத்தைத் தடுப்பதற்கான சரிபார்ப்பு விதிகளை அவரால் மீற முடியாது என்பதும் நியாயமே. ஆனால், வெளியே நின்றபடி என் கைபேசியில் ஐந்து நிமிடங்களில் நான் செய்து முடித்த அந்தத் திருத்தத்துக்காக, இதற்கு முன் இரண்டு முறை பெரியம்மா வீடு திரும்பி, நான் விழிக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்து, மறுநாள் மீண்டும் வந்திருக்கிறார். என்னிடம் அந்த அலைச்சலைச் சொன்னதே இல்லை. "உனக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும்" என்றார்.

பணம் கைக்கு வந்த பிறகு ரசீதை வாங்கிப் பார்த்தேன். அனுப்பும்போது 'கட்டணம் இல்லை' என்றுதான் விளம்பரம் சொன்னது. ஆனால் அன்றைய சந்தை மாற்று விகிதத்துக்கும் ரசீதில் இருந்த விகிதத்துக்கும் இடையே மூன்று சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தது. கட்டணம் இல்லாமல் போகவில்லை, விகிதத்துக்குள் ஒளிந்திருந்தது. உலக வங்கி கட்டணத்தையும் இந்த விகித வேறுபாட்டையும் சேர்த்தே செலவைக் கணக்கிடுகிறது. அதன்படி, 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு 2023-இன் இறுதியில் சுமார் 6.4 சதவீதம். இதை 2030-க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. தொகை சிறிதாகச் சிறிதாகச் செலவின் விகிதம் கூடுகிறது. ஆகவே குறைவாகச் சம்பாதித்துக் குறைவாக அனுப்புபவரே அதிகம் இழக்கிறார். இதைப் பதினோரு ஆண்டுகள் கவனிக்காமல் இருந்தது எனக்கு உண்மையாகவே வலித்தது.

உறவுக்காரப் பெண் ஒருத்தி கைபேசிப் பணப்பையில் தொகை பெறுகிறாள். சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. கட்டணமும் முன்கூட்டியே தெரிகிறது. அந்தச் சேவையை மனமாரப் பாராட்டுகிறேன். சிக்கல், அதை முகவரிடம் ரொக்கமாக எடுக்கும் அடுத்த கட்டத்தில்தான்: நாங்கள் சென்ற நாளில் அருகிலிருந்த முகவரிடம் ரொக்கம் இல்லை. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவை வேரூன்றியதற்குக் கைபேசி மட்டும் காரணமன்று, எட்டும் தொலைவில் பணத்துடன் காத்திருந்த முகவர்களும்தான் காரணம் என்பது அப்போது நன்றாகவே விளங்கியது.

வங்கிக்கும் போனோம். பெரியம்மா பெயரில் சேமிப்புக் கணக்கை அன்றே தொடங்கித் தந்தார்கள். படிவத்தை நிரப்ப ஓர் ஊழியர் பொறுமையாக உதவினார். ஆனால், பதினோரு ஆண்டுகளாக மாதம் தவறாமல் வந்த பணத்தின் ரசீதுகளைக் காட்டி, வீட்டுப் பழுதுபார்ப்புக்குச் சிறுகடன் கிடைக்குமா என்று கேட்டபோது, அது வருமானமாகக் கருதப்படாது என்றார்கள். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்திய பதில் இதுதான். 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் ஏறத்தாழ 20 சதவீதம் சரியும் என்று உலக வங்கி கணித்தது. உண்மையில் சரிவு மிகச் சிறிதாகவே இருந்தது. தாங்கள் செலவைச் சுருக்கியாவது மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023-இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு இவ்வாறு சென்ற தொகை சுமார் 65,600 கோடி டாலர் என்பது அவ்வங்கியின் மதிப்பீடு. அந்நாடுகளுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டையும் அது விஞ்சியது. இத்தனை உறுதியாக வரும் வரவை ஒரு வங்கிக் கிளை வரவென்றே ஏற்க மறுப்பது சரியன்று.

இந்தப் பணம் உணவிலும் மருந்திலும் பள்ளிக் கட்டணத்திலும் கரைகிறது, முதலீடாவதில்லை என்று சிலர் குறை சொல்வதுண்டு. பெரியம்மாவின் கண்ணில் புரை நீக்கப்பட்டதும் அவருடைய பேத்தி பள்ளியை விடாமல் படிப்பதும் முதலீடு இல்லையென்றால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பியதும், இனி அனுப்பும் தொகைகளுக்கும் சேர்த்துப் பெயரைத் திருத்திவிட்டேன். இனித் தொகை நேரே அவர் கணக்குக்குச் செல்லும். அனுப்புமுன் மூன்று சேவைகளின் மாற்று விகிதத்தை ஒப்பிடுகிறேன். கைக்கு எவ்வளவு வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது என்று மாதந்தோறும் குறித்துச் சொல்லப் பெரியம்மாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் குறிப்பு நேற்று வந்தது.